பவர் சப்ளை கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ண 200 வாட்ஸ் ரெசிஸ்டர் வேணுமா?

கேள்விய சுருக்கமா திருப்பி சொல்லிடறேன். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) போர்டு ஒண்ணு ரிப்பேருக்கு எடுத்திருக்கீங்க, அதுல 470 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் கெப்பாசிட்டர் இருக்கு, கை வைக்கறதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ் பண்ணணும். 1 கிலோ ஓம் வெச்சு கணக்கு போட்டா 202 வாட்ஸ் வருது, கையில இருந்த 10 கிலோ ஓம் கால் வாட்ஸ் ரெசிஸ்டரை வெச்சு பாத்தா புகைஞ்சு போச்சு, பேசாம ஸ்க்ரூடிரைவர் வெச்சு ஷார்ட் பண்ணிடலாமான்னு கேக்கறீங்க. போர்டை கழட்டாம டிஸ்சார்ஜ் ரெசிஸ்டரை மாட்டினபடியே வேலை பாக்கலாமான்னும் ஒரு கேள்வி கடைசில இருக்கு.

200 வாட்ஸ் எல்லாம் வேணாம். 5 வாட்ஸ் சிமெண்ட் ரெசிஸ்டர் ரெண்டு போதும், ஆனா அது ஏன் போதும்னு புரிஞ்சாத்தான் நாளைக்கு வேற சைஸ் கெப்பாசிட்டர் வந்தாலும் நீங்களே முடிவு பண்ண முடியும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல வோல்ட்டேஜ். நீங்க 450ஐ போட்டிருக்கீங்க, அது கெப்பாசிட்டர் மேல எழுதியிருக்கற லிமிட், உள்ள இருக்கற சார்ஜ் இல்ல. 230 வோல்ட் ஏசிய பிரிட்ஜ் (நாலு டயோடு சேர்ந்தது) வழியா டிசி ஆக்கினா அதோட உச்சம் வரைக்கும்தான் ஏறும், அதாவது 1.414 மடங்கு, சுமார் 325 வோல்ட். போர்டுல பவர் ஃபேக்டர் சரி பண்ற பிஎஃப்சி ஸ்டேஜ் இருந்தா அது 380, 390 வரைக்கும் தூக்கி வெச்சிருக்கும். 120 வோல்ட் லைன்ல ஓடுற பழைய சப்ளைகள்ல வோல்ட்டேஜை ரெட்டிப்பாக்கற டபுளர் இருந்தா அங்கயும் 340 கிட்ட வந்துடும். ஆக 325ன்னு வெச்சுக்குவோம், பிஎஃப்சி இருந்தா 390.

இப்ப 1 கிலோ ஓம்னா 325 வர்க்கம் வகுத்தல் 1000, சுமார் 106 வாட்ஸ். இதுவே பயமாத்தான் இருக்கு, ஆனா இந்த 106 வாட்ஸ் எவ்ளோ நேரம் இருக்குன்னு பாக்கணும். ரெசிஸ்டர் மேல எழுதியிருக்கற வாட்ஸ் நாள் முழுக்க ஓடினா தாங்கற அளவு. நம்ம 106 வாட்ஸ் தொட்ட அந்த நொடியில மட்டும்தான், அடுத்த கணத்துல இருந்தே இறங்க ஆரம்பிச்சுடும். 1 கிலோ ஓமும் 470 மைக்ரோஃபாரடும் பெருக்கினா 0.47 செகண்ட், அதுதான் டைம் கான்ஸ்டன்ட். அரை செகண்ட்ல வோல்ட்டேஜ் 37 சதவீதத்துக்கு வந்துடும், வாட்ஸ் வோல்ட்டேஜோட வர்க்கத்துல போறதால அது 13, 14 சதவீதத்துக்கே விழுந்துடும். ஒரு செகண்ட் கழிச்சு அந்த ரெசிஸ்டர்ல 2 வாட்ஸ் கூட இருக்காது.

அதனால வாட்ஸ விட்டுட்டு ஜூல்ல யோசிங்க. கெப்பாசிட்டர்ல இருக்கற மொத்த எனர்ஜி, கெப்பாசிட்டன்ஸையும் வோல்ட்டேஜோட வர்க்கத்தையும் பெருக்கி அதுல பாதி. 470 மைக்ரோவும் 325ம் போட்டா சுமார் 25 ஜூல் வருது. இந்த 25 ஜூலும் ரெசிஸ்டர்லதான் சூடா மாறியாகணும், நீங்க 100 ஓம் வெச்சாலும் சரி 100 கிலோ ஓம் வெச்சாலும் சரி அதே 25 தான். ஓம் மதிப்பு எதை முடிவு பண்ணுதுன்னா எவ்ளோ வேகமா கொட்டறோம்ங்கறதை மட்டும்தான்.

அந்த 25 ஜூல் பெரிய சூடு ஒண்ணும் இல்ல. 5 வாட்ஸ் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒரு 5 கிராம் இருக்கும்னு வெச்சா, அவ்ளோவும் அதுல சமமா பரவினா அதோட சூடு ஏழெட்டு டிகிரிகூட ஏறாது. தொட்டா வெதுவெதுப்பு கூட சரியா தெரியாது. அதே 25 ஜூலை ஒரு கால் வாட்ஸ் ரெசிஸ்டர்ல கொட்டினா, அது மொத்தமே ஒரு கிராம்ல ஒரு சின்ன பங்குதான், அதுலயும் வேலை செய்யறது மேல பூசியிருக்கற மெல்லிய படலம், சூடு வெளிய போக வழியே இல்ல. உங்க 10 கிலோ ஓம் புகைஞ்சதுக்கு இதுதான் காரணம். டைம் கான்ஸ்டன்ட் 4.7 செகண்ட், எனர்ஜில 86 சதவீதம் அந்த முதல் 4.7 செகண்ட்லயே போயிடும், சராசரி பாத்தா நாலரை வாட்ஸ், பாவம் அது கால் வாட்ஸ் ஆள்.

கால் வாட்ஸ் ரெசிஸ்டர்ல இன்னொரு பிரச்சனை, இதை நிறைய பேரு கவனிக்கறதே இல்ல, ரெசிஸ்டருக்கு வோல்ட்டேஜ் லிமிட்டும் உண்டு. சாதாரண கால் வாட்ஸ் ஃபிலிம் ரெசிஸ்டருக்கு பெரும்பாலும் 250 வோல்ட்தான், அரை வாட்ஸுக்கு 350. அதனால "சரி 1 மெகா ஓம் வெச்சா வாட்ஸ் கம்மிதானே"ன்னு கால் வாட்ஸ் ஒண்ணை 390 வோல்ட் மேல போடறதும் தப்புதான்.

புகைஞ்சது உங்க நல்ல நேரம்னுதான் சொல்லுவேன், ஏன்னா தெரிஞ்சுடுச்சு. எனக்கு ஒரு தடவை புகை கூட வரல. ஆரம்ப காலத்துல இதே மாதிரி ஒரு சின்ன ரெசிஸ்டரை ரெண்டு காலையும் வளைச்சு கெப்பாசிட்டர்ல வெச்சேன், ஒரு சின்ன டிக் சத்தம், பத்து செகண்ட் எண்ணினேன், முடிஞ்சுதுன்னு போர்டை கையில எடுத்தேன், விரல் அடியில இருக்கற பாயிண்ட்ல பட்டு ஷாக் அடிச்சு போர்டு ஒரு பக்கம் பறந்தது. பாத்தா ரெசிஸ்டர் முதல் தொடுதல்லயே உள்ள அறுந்து ஓபன் ஆயிடுச்சு, வெளிய ஒரு கருப்பு புள்ளி கூட இல்ல. கெப்பாசிட்டர்ல முக்கால்வாசி சார்ஜ் அப்படியே உக்காந்திருந்தது. அன்னிலேருந்து ரெசிஸ்டரை நம்பறதில்ல, மீட்டரைத்தான் நம்பறேன், அதைப் பத்தி கீழ சொல்றேன்.

இப்ப மதிப்பை எப்படி எடுக்கறது. எனக்கு பழக்கம் என்னன்னா முதல்ல நேரத்தை முடிவு பண்ணுவேன். கையில பிடிச்சு நிக்கற நேரம் ஒரு 5 செகண்ட் இருந்தா வசதி, அதுக்கு மேல போனா பொறுமை போய் பாதியிலயே எடுத்துடுவோம். அஞ்சு டைம் கான்ஸ்டன்ட் ஆனா வோல்ட்டேஜ் 1 சதவீதத்துக்கும் கீழ வந்துடும், அப்ப ஒரு டைம் கான்ஸ்டன்ட் 1 செகண்ட் இருக்கணும், 1ஐ 470 மைக்ரோஃபாரடால வகுத்தா சுமார் 2.1 கிலோ ஓம். கிடைக்கற மதிப்பு 2.2 கிலோ ஓம். ஆரம்ப கரண்ட் 148 மில்லி ஆம்ப், தொடும்போது ஒரு பொட்டு மாதிரி ஸ்பார்க் வரலாம் அவ்ளோதான். ஆரம்ப வாட்ஸ் 48. சுமார் 1.7 செகண்ட்ல 60 வோல்ட்டுக்கு கீழ வந்துடும், 5 செகண்ட்ல ரெண்டு வோல்ட் சொச்சம்.

48 வாட்ஸை 5 வாட்ஸ் ரெசிஸ்டர் தாங்குமா? வயர்வவுண்ட்னா (உள்ள கம்பி சுத்தினது, சிமெண்ட் ரெசிஸ்டர் பெரும்பாலும் இந்த வகைதான்) தாங்கும், ஏன்னா டேட்டாஷீட்ல குறுகிய நேர ஓவர்லோடுன்னு ஒரு வரி இருக்கும், பெரும்பாலான பவர் வயர்வவுண்ட் ரெசிஸ்டர்களுக்கு ரேட்டிங்கைப் போல 5 மடங்கோ 10 மடங்கோ 5 செகண்டுக்கு தாங்கும்னு போட்டிருப்பாங்க. நம்மளோடது 5 செகண்ட் முழுக்க 48 வாட்ஸ் இல்ல, ஒரு செகண்ட்லயே ஏழு வாட்ஸுக்கு கீழ இறங்கிடற பல்ஸ். ஆனாலும் 5 மடங்குதான் போட்டிருக்கற ரெசிஸ்டர் உங்களுக்கு அமைஞ்சா எல்லையில போய் நிக்கும், அதனால நான் சொல்றது 1 கிலோ ஓம் 5 வாட்ஸ் சிமெண்ட் ரெசிஸ்டர் ரெண்டை சீரியஸ்ல போடுங்க. மொத்தம் 2 கிலோ ஓம், 10 வாட்ஸ், வோல்ட்டேஜும் ரெண்டுக்கும் பாதி பாதி பிரிஞ்சுடும், சூடும் பிரிஞ்சுடும், ஒவ்வொண்ணுலயும் ஆரம்பத்துல 26 வாட்ஸ்தான். பிஎஃப்சி உள்ள 390 வோல்ட் போர்டுலயும் இதே செட்டு ஓடும். கார்பன் ஃபிலிம், மெட்டல் ஃபிலிம் வேணாம், வாட்ஸ் பெருசா எழுதியிருந்தாலும் பல்ஸ் விஷயத்துல வயர்வவுண்டு கிட்ட வராது. வயர்வவுண்ட்ல கொஞ்சம் இண்டக்டன்ஸ் இருக்கேன்னு யாராவது சொல்லுவாங்க, செகண்ட் கணக்குல நடக்கற வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்ல.

இதே 2 கிலோ ஓமை ஆடியோ ஆம்ப்ளிஃபயர் பக்கம் கொண்டு போனா வேலைக்கு ஆகாது. அங்க 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் மாதிரி இருக்கும். எனர்ஜி சுமார் 20 ஜூல், கிட்டத்தட்ட நம்ம எஸ்எம்பிஎஸ் அளவுதான், ஆனா டைம் கான்ஸ்டன்ட் 20 செகண்ட், முழுசா இறங்க ஒண்ணரை நிமிஷத்துக்கு மேல பிடிச்சுட்டு நிக்கணும். அதுக்கு 100 ஓம் 5 வாட்ஸ் வெச்சா 1 செகண்ட் டைம் கான்ஸ்டன்ட், ஆரம்பம் 40 வாட்ஸ், கச்சிதம். ஆனா இந்த 100 ஓமை மறந்தும் 325 வோல்ட்ல வெச்சுடாதீங்க, 3.25 ஆம்ப், ஆயிரம் வாட்ஸுக்கு மேல, எனர்ஜி அதே 25 ஜூல்தான்னாலும் அது இருபதில் ஒரு பங்கு செகண்ட்ல மொத்தமா அந்த மெல்லிய கம்பில இறங்கும், சிமெண்ட்டுக்கு சூடு பரவவே நேரம் இருக்காது, கம்பி அறுந்தாலும் அறுந்துடும். அதனால என்கிட்ட டிஸ்சார்ஜ் பண்ண ரெண்டு தனித்தனி புரோப் இருக்கு, ஹை வோல்ட்டேஜுக்கு சிவப்பு ஸ்லீவ், லோ வோல்ட்டேஜுக்கு பச்சை.

ஸ்க்ரூடிரைவர் விஷயம். கெப்பாசிட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓம்ல சின்ன பங்குதான், அதை ஷார்ட் பண்ணா ஒரு கணத்துக்கு நூத்துக்கணக்கான ஆம்ப் பாயும். அதே 25 ஜூல்தான், ஆனா அது மில்லி செகண்ட் கணக்குல ஸ்க்ரூடிரைவர் நுனியிலயும் சால்டர்லயும் கெப்பாசிட்டர் உள்ள கால் இணையற இடத்துலயும் கொட்டும். சால்டர் உருகி தெறிக்கும், அது கண்ணுக்கு வரலாம், மெல்லிய டிராக் இருந்தா எரிஞ்சு பிரிஞ்சுடும், நல்லா இருந்த கெப்பாசிட்டரும் உள்ள காயப்பட்டு சீக்கிரம் போகும். "நான் இருபது வருஷமா இப்படித்தான் பண்றேன்"னு சொல்றவங்க ஸ்க்ரூடிரைவர் நுனியை வாங்கிப் பாருங்க, கடிச்சு வெச்ச மாதிரி இருக்கும்.

ரெசிஸ்டருக்கு பதிலா குண்டு பல்பை கெப்பாசிட்டர் கால்கள்ல வெச்சு டிஸ்சார்ஜ் பண்றதும் நல்ல முறைதான், நானே ரொம்ப நாள் பண்ணியிருக்கேன். 60 வாட்ஸ் 230 வோல்ட் பல்பு எரியும்போது 880 ஓம் கிட்ட இருக்கும், ஆனா குளிர்ந்திருக்கும்போது அதுல பத்துல ஒரு பங்குக்கும் கம்மி, அதனால முதல்ல ஒரு கரண்ட் பாய்ச்சல் இருக்கும், பளிச்னு எரிஞ்சு மங்கிடும். பாக்கறதுக்கு தெளிவா தெரியும். வசதியான விஷயம் என்னன்னா வோல்ட்டேஜ் இறங்க இறங்க ஃபிலமெண்ட் குளிர்ந்து ரெசிஸ்டன்ஸ் குறையும், அதனால கடைசி வால் பகுதியும் வேகமா காலியாயிடும், ரெசிஸ்டர்ல அது இழுத்துக்கிட்டே போகும். ஒரே குறை, பல்பு எரியலைன்னா கெப்பாசிட்டர் காலியா இருக்கா இல்ல ஃபிலமெண்ட் அறுந்திருக்கான்னு தெரியாது. எல்இடி பல்பை வெச்சு இதை பண்ணாதீங்க, அதுக்குள்ள இன்னொரு சின்ன பவர் சப்ளையே இருக்கு, குறிப்பிட்ட வோல்ட்டேஜுக்கு கீழ அது இழுக்கறதையே நிறுத்திடும்.

புரோப் செய்யறது ரொம்ப சுலபம். ரெண்டு ரெசிஸ்டரையும் சால்டர் பண்ணி, கால் வெளிய தெரியாம ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, முழுசையும் ஒரு பழைய பேனா மூடி மாதிரி ஏதாவது பிளாஸ்டிக் குழாய்க்குள்ள விடுங்க. ஒரு பக்கம் நல்ல இன்சுலேஷன் உள்ள குரோக்கடைல் கிளிப், இன்னொரு பக்கம் மீட்டர் புரோப் மாதிரி ஊசி. வயர் 600 வோல்ட்டோ அதுக்கு மேலயோ ரேட்டிங் உள்ளதா இருக்கட்டும். கிளிப்பை முதல்ல கெப்பாசிட்டரோட மைனஸ்ல மாட்டிட்டு, ஒரு கை பின்னாடி இருக்க, இன்னொரு கையால ஊசியை பிளஸ்ல வைங்க. ரெசிஸ்டருக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, ஆனா எப்பவும் ஒரே மாதிரி பண்ணா கை பழகிடும். கிளிப்பை சேசிஸ்ல மாட்டறது பெரிய தப்பு, நிறைய பேர் பண்றாங்க. எஸ்எம்பிஎஸ்ல பிரைமரி பக்கத்து மைனஸும் சேசிஸ் எர்த்தும் வேற வேற, சேசிஸுக்கும் பிளஸுக்கும் நடுவுல ரெசிஸ்டர் வெச்சா கெப்பாசிட்டர் காலியாகவே ஆகாது, நீங்க மட்டும் ஆயிடுச்சுன்னு நினைச்சுக்குவீங்க. கெப்பாசிட்டரோட ரெண்டு கால்ல மட்டும் வைங்க.

பிளக்கை சுவத்துல இருந்து கழட்டிட்டுதான் இது எல்லாம். சுவிட்சை ஆஃப் பண்ணா போதாது. சப்ளை உள்ள வந்துட்டு இருக்கும்போது இந்த 2 கிலோ ஓமை வெச்சீங்கன்னா 50 வாட்ஸுக்கு மேல நிக்காம ஓடும், கொஞ்ச நேரத்துல கை சுடும்.

மீட்டர். டிசி ரேஞ்ச்ல, 600 வோல்ட்டுக்கு மேல. ஏசி ரேஞ்ச்ல வெச்சா நிறைய மீட்டர் டிசியை உள்ளயே விடாம கிட்டத்தட்ட ஜீரோ காட்டும், உள்ள 300 வோல்ட் இருக்கும். ஓம் ரேஞ்ச்லயோ பஸ்ஸர்லயோ வெச்சு சார்ஜ் உள்ள கெப்பாசிட்டரை தொட்டா மீட்டர் போயிடும். அளக்கறதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு பேட்டரில வெச்சு மீட்டர் காட்டுதான்னு பாருங்க, அளந்த பிறகும் ஒரு தடவை அதே பேட்டரில பாருங்க, நடுவுல புரோப் வயர் அறுந்து ஜீரோ காட்டியிருந்தா அப்பதான் தெரியும். எல்லாத்தையும் விட நல்லது மீட்டரை கெப்பாசிட்டர்லயே மாட்டி வெச்சுட்டு டிஸ்சார்ஜ் பண்றது, நம்பர் விழறது கண்ணு முன்னாடி தெரியும். விழவே இல்லைன்னா ரெசிஸ்டர் ஓபன், இல்ல பிளக் இன்னும் மாட்டியிருக்கு. முதல்ல விழுந்து பாதியில நின்னா ரெசிஸ்டர் நடுவுல ஓபன் ஆயிடுச்சு, இல்ல ஊசி சரியா படல. மீட்டரே டிஸ்சார்ஜ் பண்ணிடும்னு எதிர்பார்க்காதீங்க, 10 மெகா ஓம் மீட்டர்ல இந்த கெப்பாசிட்டரோட ஒரு டைம் கான்ஸ்டன்ட்டே ஒன்னேகால் மணி நேரத்துக்கு மேல.

டிஸ்சார்ஜ் பண்ணிட்டு டீ குடிச்சுட்டு வந்து அளந்தா கொஞ்சம் வோல்ட்டேஜ் திரும்ப வந்திருக்கும். மீட்டர் தப்பில்ல, எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரோட குணம் அது, உள்ள இருக்கற டைஎலெக்ட்ரிக்ல ஊறியிருந்த சார்ஜ் மெதுவா வெளிய வரும். அதனால காலியானதும் உடனே ஊசியை எடுக்காம இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருங்க.

வேற ஒரு குழப்பம் அடிக்கடி வருது: "என் போர்டுல ஏற்கனவே 1 மெகா ஓம் பிளீடர் (சார்ஜை தானா வடிச்சு விடற ரெசிஸ்டர்) இருக்கே, அதுவே டிஸ்சார்ஜ் பண்ணிடாதா"ன்னு. பிளக் வர்ற இடத்துல, பிரிட்ஜுக்கு முன்னாடி இருக்கற அந்த ரெசிஸ்டர் எக்ஸ் கெப்பாசிட்டருக்கானது (மெயின்ஸ் லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்க இருக்கற சின்ன கெப்பாசிட்டர்), பிளக்கை கழட்டினதும் அதோட பின்னை தொடறவங்களுக்கு ஷாக் அடிக்காம இருக்க. 0.47 மைக்ரோஃபாரடுக்கு 1 மெகா ஓம்னா டைம் கான்ஸ்டன்ட் அரை செகண்ட் கிட்ட, ஒரு செகண்ட்ல 60 வோல்ட்டுக்கு கீழ வந்துடும். ஆனா பிரிட்ஜ் டயோடு ஒரு வழிப் பாதை, அந்தப் பக்கம் இருக்கற பெரிய கெப்பாசிட்டர்ல இருந்து ஒரு துளி கூட இந்த ரெசிஸ்டருக்கு திரும்பி வராது. பெரிய கெப்பாசிட்டருக்கு பிளீடர் வேணும்னா அதோட காலுக்கு குறுக்கதான் போடணும். அது எப்பவும் லைன்லயே இருக்கறதால அங்க ஜூல் கணக்கு செல்லாது, தொடர் வாட்ஸ் கணக்குதான். 100 கிலோ ஓம் ரெண்டை சீரியஸ்ல போட்டா 325 வோல்ட்ல மொத்தம் அரை வாட்ஸ் சொச்சம், ஆளுக்கு கால் வாட்ஸ் சூடு, அதனால 1 வாட்ஸ் ரெசிஸ்டரா போடுங்க. 60 வோல்ட்டுக்கு இறங்க ரெண்டரை நிமிஷத்துக்கு மேல ஆகும். இதை விட வேகமா வேணும்னா சும்மா இருக்கும்போதும் கரண்டை தின்னும், அதனாலதான் இப்ப வர்ற நிறைய சப்ளைல பிளீடரே வைக்கறதில்ல.

பிளீடர் இல்லாத போர்டுல நீங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. நல்லா ஓடுற சப்ளை பிளக்கை பிடுங்கினதும் தன் லோடை ஓட்டியே கெப்பாசிட்டரை பாதிக்கு மேல காலி பண்ணிடும். கண்ட்ரோல் ஐசி செத்துப் போன, ஸ்விட்சிங் ஆகாத சப்ளைலதான் முழு 325ம் அப்படியே மணிக்கணக்குல நிக்கும், உங்க மேஜைக்கு வர்றது அந்த மாதிரி போர்டுதான். பழைய டிசைன்ல 200 வோல்ட் கெப்பாசிட்டர் ரெண்டு சீரியஸ்ல இருந்தா மொத்தத்துக்கு குறுக்க டிஸ்சார்ஜ் பண்ணிட்டு ஒவ்வொண்ணையும் தனியா அளந்து பாருங்க, ரெண்டும் ஒரே மாதிரி இல்லைன்னா மொத்தம் ஜீரோ காட்டினாலும் ஒண்ணுல பிளஸும் இன்னொண்ணுல மைனஸும் மிச்சம் இருக்கும்.

மைக்ரோவேவ் அடுப்புக்கு இந்த புரோப்பை எடுத்துட்டு போகாதீங்க. அங்க ஒரு மைக்ரோஃபாரட் கிட்டதான், ஆனா வோல்ட்டேஜ் ஆயிரக்கணக்குல. இந்த ரெசிஸ்டரும் வயரும் உங்க மீட்டரும் எதுவும் அதுக்கு செஞ்சதில்ல.

ரெசிஸ்டரை மாட்டினபடியே சால்டர் பண்ணலாமான்னு கேட்டீங்களே, தாராளமா. நானும் இதே 2 கிலோ ஓமோட, ஊசிக்கு பதிலா ரெண்டு பக்கமும் கிளிப் போட்ட ஒரு வயர் வெச்சிருக்கேன், டிஸ்சார்ஜ் ஆன பிறகு அதை மாட்டிட்டுதான் வேலை பாப்பேன், திரும்ப ஊறி வர்ற சார்ஜும் தானா போயிடும். கழட்ட மறந்து பவர் போட்டா 2 கிலோ ஓம்ல 50 வாட்ஸ் ஓடி மேஜையே நாறும், அது எனக்கு ரெண்டு தடவை நடந்திருக்கு. இப்ப அந்த வயரை நீளமா வெட்டி, நடுப்பகுதியை போர்டோட மெயின்ஸ் பிளக் பின்கள்ல ஒரு சுத்து சுத்தி வெச்சுடறேன். அதை அவுக்காம பிளக்கை சொருக முடியாது.